லான் பேராலயத்தின் கோபுரத்தில் மாடுகள் ஏன் நிற்கின்றன?

மதுமிதா:

வணக்கம். அடுத்த மாதம் வேலை விஷயமாகப் பாரிஸ் போகிறேன். வேலை முடிந்ததும் முழுதாக ஒரு நாள் கையில் மிஞ்சும். பாரிஸுக்குள்ளேயே சுற்ற விருப்பமில்லை. ரயிலில் போய்த் திரும்பும் தூரத்தில் இடைக்காலக் கோதிக் பாணிப் பேராலயம் ஒன்றை நிதானமாகப் பார்க்க ஆசை. நான் கட்டுமானப் பொறியாளர். பழைய கட்டடத்தைக் கண்டால் 'இது ஏன் இன்னும் விழவில்லை?' என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். அந்தக் கண்ணோடு பார்க்க ஏற்ற இடமாக இருக்க வேண்டும்.

எல்லோரும் ஷார்த்ர் என்கிறார்கள். ஆனால் தேடும்போது லான் என்ற ஊரின் பேராலயப் படம் ஒன்று கண்ணில் பட்டது. கோபுரத்தின் உச்சியில், தூண்களுக்கு நடுவே, ஒரு மாடு நிற்கிறது! பூதம், சிங்கம் என்றால் சரி, அவை எங்கும் உண்டு. இது கொம்பும் தாடையுமாக அசல் வண்டி மாடு. கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப் பார்க்கிறது. எதற்கு?

உட்புறப் படங்களில் சுவர் நான்கு அடுக்காக ஏறுகிறது. ஷார்த்ரில் மூன்றுதான். அந்த நாலாவது அடுக்கு எதற்காக வந்தது, பிறகு ஏன் போயிற்று? தரைப்படத்திலும் ஒரு விசித்திரம்: கிழக்கு முனை கத்தியால் வெட்டிவிட்டதுபோல் நேராக முடிகிறது. பிரான்ஸில் அது அரைவட்டமாகத்தானே இருக்கும்? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போகலாமா?


வான்காரன்:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்து என் சாமான் வண்டியை, அந்த வானை, ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கும் அந்த மாடுகளுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் ஊர்ப் பெயர். எழுத்தைப் பார்த்து 'லாவோன்' என்று டிக்கெட் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் முழிப்பார். மூக்கால் ஒரு 'லான்', அவ்வளவுதான். பாரிஸிலிருந்து வடகிழக்கே 130 கிலோமீட்டர் போல வரும். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏற வேண்டும்.

நான் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். இருபது வருடத்துக்கு மேலாக ரைம்ஸ், சான் கன்தான், லான் என்று அந்த வட்டாரத்தில்தான் ஓட்டம். ஏ26 நெடுஞ்சாலையில் வந்தால் இரண்டு பக்கமும் பீட்ரூட் வயல், ஒட்டத் தட்டையான நிலம். அதன் நடுவே திடீரென்று 100 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று எழும்பும். குன்றின் முதுகில் பழைய ஊர், ஊரின் தலையில் ஐந்து கோபுரங்கள். மழை நாளில் குன்று மறைந்துவிடும், கோபுரங்கள் மட்டும் மேகத்தில் நிற்கும். பல வருடம் அதை வழிகாட்டி மரமாகத்தான் வைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமென்று தோன்றியதில்லை.

ஒரு நாள் மேல் ஊரில் ஒரு வீட்டுக்குத் தரை ஓடு கொண்டுபோகச் சொன்னார்கள். அப்போதைய முதலாளி இரண்டு தடவையில் கொண்டுபோக வேண்டிய பாரத்தை ஒரே தடவையில் ஏற்றி விட்டார். இறக்க இன்னொரு பொடியன் வருவான் என்றும் சொன்னார். குன்று ஏறும் வளைவுகளில் வான் முக்கியது. கிளட்ச் கருகும் மணம் மூக்கில் ஏறியது. ஒரு மாதிரி மேலே போய்ப் பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் சின்னச் சதுக்கத்தில் நிறுத்திவிட்டு, வானுக்குள் இருக்க ஏலாமல் வெளியே வந்து நின்றேன். பொடியன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தினால், மேலே இருந்து ஒரு மாடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பக்கத்தில் பழைய மருத்துவமனை ஒன்று உண்டு, 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இப்போது அதில் சுற்றுலா அலுவலகம். அங்கிருந்து வந்த ஒரு வழிகாட்டி அம்மாவிடம் கேட்டேன், அவர் கதையைச் சொன்னார். பேராலயம் கட்டக் கல்லும் மரமும் கீழே இருந்து மாட்டு வண்டியில்தான் ஏற வேண்டும். ஒரு நாள் பாதி மலையில் ஒரு மாடு களைத்து விழுந்துவிட்டது. வண்டிக்காரர் செய்வதறியாமல் நிற்க, எங்கிருந்தோ ஒரு மாடு தானாக வந்து நுகத்துக்குள் கழுத்தைக் கொடுத்தது. பாரத்தை மேலே சேர்த்த பிறகு, வந்த வழியே போய்விட்டது. யாருடைய மாடு என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நன்றிக்குத்தான் மேற்குக் கோபுரங்கள் இரண்டிலும் சேர்த்து 16 மாடுகள்.

எனக்கு அன்றைக்கு இரண்டாவது மாடு வரவில்லை. ஓடு முழுவதையும் நானே தூக்கினேன். ஆனால் அதற்குப் பிறகு லானுக்குப் பாரம் கிடைத்தால் கொஞ்சம் கெதியாகவே போய்விடுவேன், உள்ளே அரை மணி நேரம் இருக்கலாமே என்று.

கோபுரத்தை வடிவாகப் பாருங்கள். கீழே சதுரம், மேலே போகப் போக எண்கோணம். சதுரத்தின் நாலு மூலைகளிலும் தூண்களால் ஆன சின்னச் சின்ன மாடங்கள், சுவரே இல்லை, காற்று ஊடுருவிப் போகும். அந்த மாடங்களுக்குள்ளேதான் மாடுகள் நிற்கின்றன. 56 மீட்டர் உயரக் கல் கோபுரம், பார்த்தால் பாரமே இல்லாததுபோல் இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் வில்லார் து ஒன்கூர் என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களை வரைந்து வைத்தார். அவருடைய வரைபுத்தகம் இன்றும் பாரிஸில் இருக்கிறது. அதில் இந்தக் கோபுரத்தை மாடுகளோடு வரைந்துவிட்டு, தான் பல நாடுகளில் இருந்திருப்பதாகவும் இப்படி ஒரு கோபுரத்தை எங்கும் கண்டதில்லை என்றும் எழுதியிருக்கிறார். சும்மா புகழ்ச்சி இல்லை. ஜெர்மனியில் பாம்பெர்க், நௌம்பர்க் பேராலயங்களின் கோபுரங்களைப் பார்த்தால் லானைப் பார்த்துப் பழகியது தெரியும்.

ஏழு கோபுரம் போடத்தான் திட்டம். மேற்கே இரண்டு, சிலுவையின் கைபோல் பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கைகள் இரண்டின் முனையிலும் இரண்டிரண்டு, நடுவில் ஒன்று. முடிந்தது ஐந்து. மற்ற இரண்டும் பாதியில் நின்றுபோய் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. ஐந்தில் ஒன்றன் மேல் கல்லால் ஆன கூர்முனை ஒன்றும் இருந்ததாம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தோடு அது போய்விட்டது.

நாலு அடுக்கு எனக்கும் புரிந்த அளவுக்குச் சொல்வேன், ஆனால் இங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் வரட்டும். ஒரு தொலைநோக்கி மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். மாட்டின் முகத்தை அது இல்லாமல் பார்க்க ஏலாது.


ஓலைப்பெட்டி:

வான்காரன் தம்பி சொன்ன கதை அருமை. அதில் ஒரே ஒரு திருத்தம், அது கதையை இன்னும் சுவையாக்கும் என்பதால் சொல்கிறேன். அந்த மாடு இழுத்தது இந்தக் கட்டடத்துக்கான பாரத்தை அல்ல.

1112ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். லான் ஆயர் பெயர் கோத்ரி. ஊர்மக்கள் தங்களை ஒரு கம்யூனாக, அதாவது சொந்த உரிமையுள்ள நகரச் சபையாக, அமைத்துக்கொள்ள அவர் பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்தார். பிறகு மன்னர் ஆறாம் லூயியிடம் போய் அந்த உரிமையை ரத்து செய்யக் கேட்டார். மன்னர் இரண்டு பக்கமும் விலை கேட்டதாக அக்காலத்துப் பதிவு சொல்கிறது: ஊர்மக்கள் 400 லிவ்ர் கொடுக்க முன்வந்தார்கள், ஆயர் தரப்பு 700 என்றது. 700 ஜெயித்தது. அந்த 700ஐயும் ஊர்மக்களிடமே வசூலிக்கப் போகிறார் என்ற பேச்சு பரவியது. ஏப்ரல் 25, ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை, 'கம்யூன்! கம்யூன்!' என்று கத்திக்கொண்டு கூட்டம் ஆயரின் மாளிகைக்குள் புகுந்தது. ஆயர் நிலவறையில் ஒரு மரப்பீப்பாய்க்குள் ஒளிந்தார். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துக் கோடரியால் கொன்றார்கள். மோதிரத்துக்காக விரலையும் வெட்டினார்கள். அன்றைக்குப் பற்றிய நெருப்பில் பேராலயமும் எரிந்தது.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் பக்கத்திலிருந்த நோஜான் மடத்தின் தலைவர் கிபெர். சம்பவம் நடந்து மூன்று நான்கு வருடங்களுக்குள் எழுதியிருக்கிறார். ஆயரை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது, கலகக்காரர்களை அதைவிடப் பிடிக்காது. அந்த எரிச்சலில்தான் எழுத்து அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

எரிந்த ஆலயத்தைச் செப்பனிடக் காசில்லை. குருக்கள் கன்னி மரியாளின் புனிதப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை திரட்டினார்கள். முதலில் பிரான்ஸுக்குள், 1113இல் கடல் தாண்டி இங்கிலாந்தின் தெற்குப் பகுதி வரைக்கும் போனார்கள். 1114இல் ஆலயம் செப்பனிடப்பட்டு மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. தானாக வந்த மாட்டின் கதையை கிபெர் சொல்வது இந்தச் செப்பனிடும் வேலையைப் பற்றித்தான்.

இப்போது நிற்கும் பேராலயம் ஆயர் கோத்தியே து மொர்த்தாஞ் காலத்தில், 1155க்கும் 1160க்கும் இடையில்தான் தொடங்கியது. மேற்கு முகப்பும் கோபுரங்களும் 1190களுக்குப் பிறகு. ஆக, சிற்பி அந்த மாடுகளைச் செதுக்கியபோது, கதையில் வரும் மாடு செத்து எழுபது எண்பது வருடம் ஆகியிருக்கும். அதன் பாரத்தில் எழுந்த ஆலயத்தையே இடித்துவிட்டார்கள். மாட்டை மட்டும் மறக்கவில்லை.

கிழக்கு முனைக்கு வருகிறேன். முதலில் கட்டியபோது அங்கேயும் அரைவட்டம்தான் இருந்தது, சுற்றிவர நடைபாதையோடு. பீடப் பகுதி ரொம்பச் சின்னது, மூன்று கண்ணறைதான் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட ஒரு கட்டம் ஒரு கண்ணறை). லான் பேராலயக் குருக்கள் சபையோ 80 பேருக்கு மேல் கொண்டது, பிரான்ஸின் பெரிய சபைகளில் ஒன்று. அத்தனை பேரும் தினமும் பல வேளை உட்கார்ந்து பாட இடம் வேண்டும். 1205இல் ஷெர்மிஸி என்ற இடத்துக் கல்சுரங்கம் ஒன்று அவர்களுக்குத் தானமாகக் கிடைத்தது. கட்டி ஐம்பது வருடம்கூட ஆகாத அரைவட்டத்தை இடித்துவிட்டுப் பத்துக் கண்ணறை நீளத்துக்கு இழுத்தார்கள், நேர்ச் சுவரில் முடித்தார்கள். அந்தச் சுவரில் கீழே மூன்று உயரமான சாளரம், மேலே ரோஜாச் சாளரம் எனப்படும் பெரிய வட்டச் சாளரம். நடுக்கூடம் பதினொரு கண்ணறை, பீடப் பகுதி பத்து. அதனால்தான் தரைப்படம் சிலுவைபோல் இல்லாமல் கூட்டல் குறிபோல் இருக்கிறது.

இன்னொன்று, வடக்குக் குறுக்குக் கையில் ஒரு ரோஜாச் சாளரம் உண்டு. நடுவே தத்துவம், சுற்றிலும் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல், கூடவே மருத்துவம், எல்லாம் பெண் உருவங்களாக. சாமியார் படம் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். லான் பள்ளிக்கு அப்படிப் பெயர். அங்கே பாடம் நடத்திய இறையியல் ஆசிரியர் ஆன்செல்மிடம் பாடம் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பெயர்பெற்ற தத்துவவாதி அபெலாரும் வந்தார். அவருக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை. இலை மட்டும் அடர்ந்த மரம், பழம் இல்லை என்று பிற்பாடு எழுதி வைத்துவிட்டார். எல்லா வகுப்பிலும் ஒருவன்!

புரட்சியோடு லான் மறைமாவட்டமே ஒழிந்துவிட்டது. இன்று ஆயர் இருப்பது சுவாசோனில். வழக்கத்தால்தான் பேராலயம் என்கிறோம்.


சும்மா_வந்தவன்:

எல்லாம் சரி, ஒரே நாள் என்றால் ஷார்த்ர்தான். அங்கே 1194 தீக்குப் பிறகு ஒரே மூச்சில் எழுப்பினார்கள், 37 மீட்டர் உயரம், 12, 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. லானில் பழைய கண்ணாடி கிழக்கிலும் வடக்கிலும் கொஞ்சம்தான், மேற்கு ரோஜாவில் இருப்பது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. உயரமும் வெறும் 24 மீட்டர். மாட்டைப் பார்க்க ஒரு நாளா?


வான்காரன்:

ஓலைப்பெட்டி ஐயா, இத்தனை வருடம் அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டு பாரம் தூக்கியிருக்கிறேன், அது வேறு ஆலயத்து மாடு என்று இன்றைக்குத்தான் தெரியும். பாதகமில்லை, நான் தூக்கிய ஓடும் வேறு யாருடைய வீட்டுக்கோதானே.

சும்மா வந்த தம்பிக்கு: ஷார்த்ர் அழகு, மறுக்கவில்லை. கண்ணாடிக்கு என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் தங்கச்சி கேட்டது 'ஏன் விழவில்லை' என்பதை. ஷார்த்ரில் எல்லாம் முடிவாகிவிட்டது. லானில் மேஸ்திரி யோசித்துக்கொண்டிருப்பதே கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு அந்த வழிகாட்டி அம்மா காட்டிய விதத்தில் சொல்கிறேன். மேற்கு வாசலால் உள்ளே போய் நடுக்கூடத்தில் நில்லுங்கள். முதலில் மேலே பார்க்காதீர்கள். கீழே தூண்களைப் பாருங்கள். பருத்த உருண்டைத் தூண்கள், வரிசையாக, ஒன்றுபோல. இப்போது ஒரு தூணின் தலைக்கு மேலே கண்ணை ஏற்றுங்கள். அங்கிருந்து மெல்லிய கல் தண்டுகள் கட்டாக மேலே போகும். எண்ணுங்கள். ஐந்து. அடுத்த தூணுக்கு மேலே எண்ணுங்கள். மூன்று. அதற்கடுத்தது ஐந்து, பிறகு மூன்று.

ஏன் என்று இப்போது கூரையைப் பாருங்கள். ஒவ்வொரு வளைகூரையும் இரண்டு கண்ணறைக்கு ஒன்றாக, ஆறு துண்டாகப் பிரிந்திருக்கும். அப்படிப் பிரிப்பவை விலாக்கள், அதாவது கூரையின் அடியில் ஓடும் கல் வளைவுகள்: மூலைவிட்ட விலாக்கள் இரண்டு, நடுக் குறுக்கு விலா ஒன்று. ஒரு தூணில் குறுக்கு விலா ஒன்று, மூலைவிட்டம் இரண்டு, சுவரோர விலா இரண்டு, ஆக ஐந்து வந்து இறங்கும். அடுத்ததில் நடுக் குறுக்கு விலாவும் சுவரோரம் இரண்டும் மட்டும். கூரையில் எத்தனை விலாவோ, சுவரில் அத்தனை தண்டு. கணக்குத் துல்லியம்.

ஆனால் கீழே? பாரம் கூடிய தூணும் குறைந்த தூணும் ஒரே உருண்டை. சான்ஸ் பேராலயம் இதைவிட ஒரு இருபது வருடம் மூத்தது, அங்கே பெரிய தூண், சின்ன இரட்டைத் தூண் என்று மாறி மாறி நேர்மையாகக் காட்டிவிடுவார்கள். லானில் மேஸ்திரிக்கு வாசலிலிருந்து பீடம் வரை ஒரே சீரான வரிசை வேண்டும். கூரையோ மாறி மாறிப் பாரத்தைப் போடுகிறது. இரண்டுக்கும் நடுவே அவர் பட்ட பாடு எங்கே தெரியுமென்றால், கோபுரத்துக்குக் கீழே இருக்கும் நடுச் சந்தியை நோக்கி நடந்துபோங்கள். அந்தப் பக்கம் மட்டும் சில தூண்களைச் சுற்றித் தனித்தனியாக ஐந்து மெல்லிய தண்டுகளை நிறுத்தியிருப்பார். கட்டடம் கிழக்கிலிருந்து மேற்கே வளர்ந்தது, ஆகையால் இவைதான் முந்தியவை. இரண்டு சோடி செய்து பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று விட்டுவிட்டார். மிச்சத் தூண் எல்லாம் வெறும் உருண்டை. செய்து பார்த்ததை இடிக்கவுமில்லை. நான் அந்தத் தூணில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். எண்ணூறு வருடத்துக்கு முந்தி ஒரு மனிதர் மனதை மாற்றிக்கொண்ட இடம் அது.

நாலு அடுக்கு: கீழே தூண் வரிசை, அதற்கு மேலே ஆட்கள் நடமாடக்கூடிய அகலமான மாடி நடை, அதற்கு மேலே சுவர் கனத்துக்குள்ளேயே ஒடுங்கிய குறுகல் நடை, உச்சியில் சாளரங்கள். கல் கூரை பக்கவாட்டில் தள்ளும், அதை எனக்குச் சொல்லித் தந்தது கட்டடம் இல்லை, வானில் அடுக்கிய ஓடு. வளைவில் திரும்பும்போது பக்கச் சட்டம் இல்லாவிட்டால் அடுக்கு சரியும். அந்த மாடி நடைக்கும் தனியாகக் கல் கூரை உண்டு. அது நடுக்கூடச் சுவருக்குத் தோள் கொடுத்து நிற்கிறது. தோள் இருக்கும் வரைக்கும் சுவரை மெலிதாக்கிச் சாளரம் திறக்கலாம். பின்னால் ஷார்த்ரில் வெளியே பாய்ந்து நிற்கும் தாங்கு வளைவுகளையே முழுதாக நம்பினார்கள், மாடி நடை தேவையில்லாமல் போய்விட்டது. அதை எடுத்த இடத்தில் சாளரம் கீழே இறங்கி நீண்டது.

பாரிஸ் நோத்ர் தாமும் 1163இல் தொடங்கியபோது நாலடுக்குத்தான். 1220களில் மேல் இரண்டு அடுக்கையும் சேர்த்துச் சாளரத்தைப் பெரிதாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதைச் செப்பனிட்ட கட்டடக் கலைஞர் வியொலே லெ துய்க், நடுச் சந்தியை ஒட்டிய கண்ணறைகளில் மட்டும் பழைய நாலடுக்கைத் திருப்பிக் கட்டி வைத்தார். முதல் நாள் மாலையில் நேரமிருந்தால் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் லானுக்குப் போங்கள், கண் பழகியிருக்கும்.

24 மீட்டர் வெறும் உயரம் என்றால், போவே பேராலயம் 48 மீட்டர் எழுப்பினார்கள், 1284இல் கூரை தலையில் இறங்கியது.

போகும் வழி: முன்பு நிலையத்திலிருந்து மேல் ஊருக்குக் கம்பியில் இழுக்கிற ஓட்டுநர் இல்லாத சின்ன ரயில் ஒன்று ஓடியது, 1989 முதல் 2016 வரை. மூடிவிட்டார்கள். இப்போது பேருந்து, இல்லாவிட்டால் படிக்கட்டு. படியில் ஏறுங்கள். மாட்டின் கஷ்டம் கொஞ்சமாவது விளங்கும்.


சும்மா_வந்தவன்:

போவேயை இழுத்தது போங்காட்டம். சரி, தூண் விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன்.


ஓலைப்பெட்டி:

தம்பி சொன்ன மெல்லிய தண்டுகளில் மதுமிதா ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் பாறையில் படுக்கையாகப் படிந்திருக்கும், சுவரில் அந்தப் படுகையாகவே வைத்துக் கட்டுவதுதான் வழக்கம். இந்தத் தண்டுகளில் கல்லை நிமிர்த்தி, படுகை செங்குத்தாக வரும்படி நிறுத்தியிருக்கிறார்கள். அப்போதுதான் நீளமான ஒற்றைத் துண்டு கிடைக்கும். இடையிடையே வளையல்போல் ஒரு கல் பட்டை தெரியும், அது அலங்காரம் மட்டும் இல்லை. தண்டுத் துண்டுகள் சேரும் இடத்தில் அவற்றைச் சுவரோடு பிடித்துவைப்பது அந்தப் பட்டைதான்.

முதல் உலகப்போரின் பெரும்பகுதியில் லான் ஜெர்மானியர் கையில் இருந்தது. ரைம்ஸ் பேராலயம் எரிந்தது, சுவாசோன் பேராலயத்தின் நடுக்கூடம் சிதைந்தது, இது ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. நீங்கள் கை வைக்கப்போகும் கல் அப்படி மிஞ்சியது.


மதுமிதா:

போய் வந்துவிட்டேன்! தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

வான்காரன் அண்ணா, படியில்தான் ஏறினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு மாடும் வரவில்லை.

ஐந்து, மூன்று, ஐந்து, மூன்று. வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினேன், ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அப்புறம் அந்தச் சோதனைத் தூண்கள். தண்டுக்கும் உருண்டைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. தண்டு எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது, காவலர் பார்த்ததால் விட்டுவிட்டேன். என் தொழிலில் இதை வரைபடத்தில் அழித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுவோம். இவர்கள் அழிக்க முடியாத பொருளில் வரைந்திருக்கிறார்கள்.

யாரும் சொல்லாமல் விட்ட ஒன்று நடுச் சந்தியின் வெளிச்சம். கோபுரத்தின் அடிப்பக்கம் உள்ளே திறந்திருக்கிறது, நாலு பக்கச் சாளரத்திலிருந்தும் ஒளி நேராகத் தரைக்கு விழுகிறது. பீடப் பகுதியை நீட்டியதால் அந்த ஒளி ஆலயத்தின் சரி நடுவில் வந்து நிற்கிறது. கூட்டமே இல்லை. கல் வெள்ளையாக இருப்பதால், வெளியில் மேகம் நகர்ந்தபோது உள்ளே தூண்கள் ஒவ்வொன்றாக மங்கி, திரும்ப ஒவ்வொன்றாக வெளுத்தன. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன், மாடி நடைக்கு ஏற நேரமில்லாமல் போயிற்று.

மாடுகளைத் தொலைநோக்கியில் பார்த்தேன். ஒன்றின் முதுகில் புறா உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். எட்டிப் பார்க்கிற மாடுகள் எல்லாமே வெளியே, சமவெளியைப் பார்த்துத்தான் நிற்கின்றனவா? ஒன்றிரண்டு ஊர்ப்பக்கம் திரும்பியிருப்பதுபோல் தோன்றியது.


வான்காரன்:

மூலைக்கு மூலை நிற்பதால் எல்லாத் திசையையும் பார்க்கும், தங்கச்சி. சதுக்கத்தைப் பார்ப்பவையும் உண்டு, அதில் ஒன்றுதான் அன்றைக்கு என்னைப் பார்த்தது. எதிர்த்த வீட்டுச் சுவரை ஒட்டி நின்றால் அதன் முகம் முழுதாகத் தெரியும்.

மாடி நடை பாக்கி இருக்கிறதே. அடுத்த முறை வரும்போது இங்கே ஒரு வரி போடுங்கள். புதன்கிழமைகளில் எனக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டம், நிலையத்திலிருந்து வானில் ஏற்றிக்கொண்டு போகிறேன். இப்போது கிளட்ச் புதுசு.